அண்ணப் பிளவுச் சிகிச்சையில் பல் சீரமைப்பு நங்கூரங்கள்: ஒரு வரலாறு

பல் சீரமைப்பு நங்கூரம் என்பது, ஒரு பல்லையோ தாடையையோ இழுத்து நகர்த்தும்போது அந்த இழுப்பைத் தாங்கி நிற்கும் பிடிமானம் ஆகும். பல்லுக்குக் கம்பி கட்டும் எல்லாச் சிகிச்சைகளிலும் ஏதோ ஒரு நங்கூரம் உண்டு. ஆனால் பிறவியிலேயே அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்கு அத்தகைய பிடிமானத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர்களுக்குப் பிளவு ஓடிய இடத்தில் எலும்பு இருக்காது. அதை ஒட்டி முளைக்க வேண்டிய பல் பெரும்பாலும் முளைப்பதில்லை. அறுவை சிகிச்சையின் தழும்போ தாடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். எதைப் பிடித்து எதை இழுப்பது என்ற இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளாகத் தேடப்பட்ட விடைகளை இக்கட்டுரை கூறுகிறது.

கேள்வியைப் புரிந்துகொள்ள ஆட்டையும் முளைக்குச்சியையும் நினைத்துக்கொண்டால் போதும். முளை ஆழமாக இறங்கியிருந்தால் ஆடு நிற்கும். மண் இளகியிருந்தால் ஆடு முளையையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் விதியாகச் சொன்னதும் இதுதான். முன்பல்லைப் பின்னால் இழுக்கக் கடைவாய்ப் பல்லில் கம்பியை மாட்டினால், முன்பல் பின்னால் வரும். அதே நேரத்தில் கடைவாய்ப் பல்லும் சற்று முன்னால் நகரும். இந்த வேண்டாத நகர்வைத் தடுக்கும் வழிகளைத் தேடியதே நங்கூரத்தின் வரலாறு.

அண்ணமும் பிளவும்

வாயின் மேற்கூரைக்கு அண்ணம் என்று பெயர். மருத்துவமனைப் பலகைகளில் 'அன்னப் பிளவு' என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அன்னம் என்பது பறவையையும் சோற்றையும் குறிக்கும் சொல். இங்கே டண்ணகரமே சரி. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கத் துணைசெய்யும் எட்டு இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றைச் சொல்கிறது. பிளவு கடுமையாக இருந்தால் இவற்றில் இதழ், பல், அண்ணம், மூக்கு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன.

தாயின் வயிற்றில் கரு வளரும்போது 4 முதல் 7 வாரங்களுக்குள் மேலுதட்டின் பகுதிகளும், 6 முதல் 9 வாரங்களுக்குள் அண்ணத்தின் இரு பக்கத் தட்டுகளும் நடுவில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பிளவு. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. மரபணுவும் கருக்காலச் சூழலும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன. கிரகணத்தன்று வெளியே வந்ததால் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று தாயைக் குறைசொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்தக் குறைசொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அண்ணம் மூடாவிட்டால் வாய்க்காற்று மூக்கு வழியே கசிந்துவிடும். அதனால் வல்லினம் வலுவிழந்து மெல்லினமாகக் கேட்கும். 'பாப்பா' என்று சொல்ல முயலும் குழந்தையின் வாயிலிருந்து 'மாம்மா' என்று வரும். வகுப்பில் இப்படிப் பேசிய ஒரு மாணவனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லாமல் நான் பல மாதங்கள் தாண்டிப் போனதுண்டு. மற்றவர்கள் சிரிப்பார்களே என்று நினைத்துச் செய்தேன். அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடைப்பானிலிருந்து அறுவைக்கு

உதட்டுப் பிளவைத் தைப்பது பழைய கலை. சீனாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அது நடந்ததாக அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. அண்ணத்தைத் தைப்பது அவ்வளவு எளிதல்ல. அதனால் பல நூற்றாண்டுகள் அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைத்தே வந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, உலோகத் தகட்டோடு பஞ்சு பொருத்திய அடைப்பான்களை விவரித்தார். பஞ்சு ஈரத்தில் ஊறிப் பருத்து, தகட்டை விழாமல் பிடித்துக்கொள்ளும். பிளந்த அண்ணத்தில் ஒரு கருவியை எப்படி நிற்க வைப்பது என்ற கேள்விக்குப் பழைய விடைகளுள் ஒன்று இது.

1819-இல் பாரிசில் ஃபிலிபேர் ரூ என்ற மருத்துவர், தம்மிடம் வந்த கனடா நாட்டு மருத்துவ மாணவர் ஜான் ஸ்டீவன்சனின் மென்அண்ணப் பிளவைத் தைத்து மூடினார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தது 1846-இல். ஆகவே ஸ்டீவன்சன் முழு உணர்வோடுதான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னர் அவர் தம் சிகிச்சையையே ஆய்வேடாக எழுதிப் பட்டம் பெற்றார். மான்ட்ரியலில் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1861-இல் ஜெர்மனியின் லாங்கன்பெக், எலும்பை ஒட்டிய சவ்வோடு சேர்த்துத் தசையைப் பெயர்த்து நடுவுக்கு நகர்த்தித் தைக்கும் முறையை வெளியிட்டார். வன்அண்ணத்தையும் மூட முடியும் என்று ஆனது அதன் பிறகுதான்.

அதே காலத்தில் நியூயார்க்கில் நார்மன் கிங்ஸ்லி என்ற பல் மருத்துவர், 1859-இல் மென்மையான ரப்பரால் செயற்கை அண்ணம் செய்தார். 1880-இல் வாய்க் குறைபாடுகள் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் எழுதினார். பல்லை இழுக்க வாய்க்கு வெளியே, தலையின் பின்பக்கத்தைப் பிடிமானமாகக் கொண்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். அண்ணப் பிளவுச் சிகிச்சையும் பல் சீரமைப்பும் ஒரே மனிதரின் மேசையில் வளர்ந்தன என்பதைப் பல் மருத்துவ மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை காட்டிய உண்மை

20-ஆம் நூற்றாண்டில் அறுவை முறைகள் தேறின. குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டியே அண்ணத்தை மூடிவிடும் பழக்கம் வந்தது. பேச்சு தெளிந்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு வயதை எட்டியபோது பலருடைய முகத்தின் நடுப்பகுதி குழிந்து, மேல்தாடை பின்தங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நின்றன. இது பிளவின் இயல்பா, சிகிச்சையின் விளைவா என்று நெடுநாள் வாதம் நடந்தது. அதைத் தீர்க்க, அறுவை சிகிச்சையே செய்யாமல் வளர்ந்து பெரியவர்களான பலரை ஒருங்கே பார்க்க வேண்டும். வளர்ந்த நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அநேகமாக இல்லை.

1980-களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் இலங்கைக்கு வந்தார். உதட்டையோ அண்ணத்தையோ தைக்காமலே பெரியவர்களானவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். மார்சும் அவருடைய குழுவினரும் அவர்களின் பல்வரிசையை மாவுக்கட்டி அச்சாக எடுத்தனர். முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களை அளந்தனர். 1990-இல் மார்ஸ், ஹூஸ்டன் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அறுவை செய்யாதவர்களின் மேல்தாடை பெரும்பாலும் இயல்பான அளவுக்கு வளர்ந்திருந்தது. சிறுவயதில் அண்ணத்தைத் தைத்தவர்களின் தாடைதான் தேங்கி நின்றது. குற்றவாளி பிளவு அல்ல, தழும்பு.

ஏழ்மையாலும் தொலைவாலும் சிகிச்சை எட்டாமல் போன மனிதர்களின் முகங்களிலிருந்து கிடைத்த அறிவு இது. உலகத்தின் அண்ணப் பிளவுப் பாடநூல்கள் எல்லாம் இன்று இலங்கையைக் குறிப்பிடுகின்றன. இந்தக் கடன் சிறியதல்ல.

அப்படியானால் அறுவையைத் தள்ளிப்போடலாமே என்று தோன்றும். ஜெர்மனியின் மார்புர்க்கில் ஷ்வெக்கென்டீக் என்பவர் வன்அண்ணத்தைப் பல ஆண்டுகள் தாமதித்து மூடும் முறையை அதற்கு முன்பே கையாண்டிருந்தார். அவருடைய நோயாளிகளுக்கு முகம் நன்றாக வளர்ந்தது, பேச்சு கெட்டது. பேச்சா, முகமா என்ற இந்த இழுபறியில் பெரும்பாலான மருத்துவர்கள் பேச்சையே தேர்ந்தெடுத்தார்கள். குழந்தை பேசப் பழகும் முன் அண்ணத்தை மூடிவிடுவது, தாடை பின்தங்கினால் பிறகு அதை முன்னுக்கு இழுப்பது என்று முடிவாயிற்று. ஒரு ஆசிரியராக எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஆனால் முன்னுக்கு இழுக்க ஒரு பிடிமானம் வேண்டுமே.

பிடிக்க இடமில்லாத வாய்

முதல் வழி முகக்கவச முறை. 1970-களில் பிரான்சின் நான்ட் நகரத்து மருத்துவர் ழான் டெலேர் இதைப் பரவச் செய்தார். நெற்றியிலும் முகவாயிலும் அணைத்து நிற்கும் ஒரு கம்பிச் சட்டம். அதிலிருந்து மேற்பற்களுக்கு ரப்பர் வளையங்கள். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் பிள்ளை இதை அணிய வேண்டும். இதில் இரண்டு குறைகள். இழுப்பு பல் வழியாகப் போவதால், தாடை நகர்வதற்குப் பதில் பல்லே முன்னால் சாய்ந்துவிடும். முகவாயின் மேல் அழுத்தம் விழுவதால் கீழ்த்தாடை கீழ்நோக்கித் திரும்பும். சட்டத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வராது என்பது மூன்றாவது குறை. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இன்னொரு முன்னேற்றம் எலும்பு ஒட்டு. 1972-இல் பாய்ன், சாண்ட்ஸ் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த பஞ்சு எலும்பை ஈறுப் பிளவில் நிரப்பும் முறையை எழுதினர். கோரைப்பல் முளைப்பதற்குச் சற்று முன், அதாவது சுமார் 8 முதல் 11 வயதுக்குள், இது செய்யப்படுகிறது. முளைக்கும் கோரைப்பல் அந்தப் புதிய எலும்பின் வழியே இறங்கி வருகிறது. ஓஸ்லோ நகரத்துக் குழு 1980-களில் இதை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்து நிலைநாட்டியது. இன்று இது வழக்கமான சிகிச்சை. அப்படியும், ஒட்டிய எலும்பு ஓரிடத்துப் பள்ளத்தை நிரப்புமே தவிர, பின்தங்கிய தாடை முழுவதையும் இழுக்கும் வலுவைத் தராது.

எலும்பில் ஊன்றிய திருகு

பல்லை விட்டுவிட்டு நேரே எலும்பிலேயே முளை அடித்தால் என்ன? 1945-இல் அமெரிக்காவின் கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் வைட்டாலியம் என்ற உலோகக் கலவைத் திருகுகளைப் பதித்துப் பல்லை இழுத்துப் பார்த்தனர். 16 முதல் 31 நாட்களுக்குள் எல்லாத் திருகுகளும் கழன்று விழுந்தன. யோசனை கிடப்பில் போயிற்று.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1952-இல் சுவீடனின் பெர் இங்வார் பிரானமார்க், முயலின் கால் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதோடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் அந்த உலோகத்தை முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பதித்தார். அந்த மனிதர் கோஸ்டா லார்சன். தாடைக் குறைபாட்டோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர். கீழ்த்தாடையில் பல் இல்லாதவர். 2006-இல் இறக்கும் வரை அந்தப் பதியங்கள் அவருக்குப் பயன்பட்டன. இன்று உலகம் முழுவதும் 'இம்ப்ளான்ட்' என்ற பெயரில் வசதியுள்ளவர்கள் வைத்துக்கொள்ளும் செயற்கைப் பல், முதலில் நின்றது அண்ணம் பிளந்த ஒருவரின் வாயில். இது பலருக்குத் தெரியாத செய்தி.

பல் சீரமைப்புக்கு நிரந்தரப் பதியம் தேவையில்லை. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் மூக்கின் அடியிலுள்ள எலும்பில் ஒரு திருகைப் பதித்து, ஒரு பெண்ணின் மேல் முன்பற்களை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயர்த்திக் காட்டினர். 1997-இல் ஜப்பானின் ரியூசோ கனோமி, 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குட்டித் திருகை அறிமுகப்படுத்தினார். அதன் பிறகே 'மினி ஸ்க்ரூ' எங்கும் பரவியது. 1999-இல் சென்டாய் நகரத்துக் குழு, திருகுகளால் எலும்பில் இறுக்கிய சிறு டைட்டானியத் தகடுகளைப் பயன்படுத்தியது.

பின்தங்கிய மேல்தாடைக்கு இந்தத் தகடுகளே வழி திறந்தன. பெல்ஜியத்தின் ஹ்யூகோ டி கிளெர்க் 2009-இல் வெளியிட்ட முறை இது: மேல்தாடையில் கன்ன எலும்பின் அடியில் பக்கத்துக்கு ஒரு தகடு, கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு தகடு. மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையே ரப்பர் வளையம். வாய்க்கு வெளியே எதுவும் தெரியாது. இரவு பகல் இரு வேளையும் இழுப்பு நடக்கும். பல்லில் எந்தச் சுமையும் இல்லை. பிரேசில் நாட்டின் பவுரு நகரில் சாவோ பாலோ பல்கலைக்கழகம் நடத்தும் முகப் பிளவு மருத்துவமனை, இதையே ஒருபக்கப் பிளவுள்ள பிள்ளைகளுக்குச் செய்து 2017-இல் முப்பரிமாணப் படங்களோடு முடிவுகளை வெளியிட்டது. தழும்பு இருந்தும் மேல்தாடை முன்னால் வந்தது.

பிளந்த அண்ணத்தில் எங்கே பதிப்பது

பிளவில்லாதவர்களுக்குக் குட்டித் திருகைப் பதிக்க அண்ணத்தின் முன் நடுப்பகுதி நல்ல இடம். எலும்பு தடிமனாக இருக்கும். பல் வேர்கள் குறுக்கே வராது. பிளந்த அண்ணத்தில் அந்த நடுப்பகுதிதான் இல்லாதது. தைத்து மூடிய இடத்தில் மேலே சவ்வு தெரிந்தாலும் உள்ளே எலும்பு இருக்காது. அங்கே திருகினால் மூக்குக்கு ஓட்டை விழும். ஆகவே முதலில் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து எலும்பின் தடிமன் அளக்கப்படுகிறது. பெரும்பாலும் கடைவாய்ப் பற்களுக்கு மேலே கன்ன எலும்பு மேட்டின் அடிப்பகுதியோ, பின்பற்களின் வேர்களுக்கு இடைப்பட்ட பகுதியோ தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் திருகை இறக்கிவிடலாம். தகடு பதிக்கவும் எடுக்கவும் ஈறைக் கீறித் தைக்கும் சிறு அறுவை தேவை.

பிள்ளைகளின் எலும்பு மென்மையானது என்பதால் தகடுகளுக்குச் சுமார் 11 வயது வரை காத்திருக்கிறார்கள். கீழ்க் கோரைப்பல்லும் அதற்குள் முளைத்திருக்க வேண்டும். பொதுவாகப் பார்த்தால் 100 குட்டித் திருகுகளில் 13 அல்லது 14 வேலை முடியும் முன்பே தளர்ந்துவிடுகின்றன. திருகைச் சுற்றி ஈறு வீங்குவதும், சரியாகப் பல் துலக்காததும் அதற்கு முக்கியக் காரணங்கள். தளர்ந்தால் வேறிடத்தில் பதிக்கலாம். பிளந்த வாயில் அந்த 'வேறிடம்' குறைவு என்பதுதான் கவலை.

வளர்ச்சி முடிந்த பிறகும் தாடை மிகவும் பின்தங்கியிருந்தால் அறுவையே வழி. எலும்பை வெட்டி, நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும். 1997-இல் சிகாகோவின் பாலி, ஃபிகெரோவா ஆகியோர் மண்டையோட்டில் திருகி நிறுத்திய வளையத்தை இதற்கு நங்கூரமாக்கினர். பலன் நன்று, ஆனால் வாரக்கணக்கில் தலையில் இரும்பு வளையத்தோடு திரிய வேண்டும்.

தமிழகத்தில்

நாகர்கோவிலில் அண்ணப் பிளவு அறுவை மருத்துவர் சுனில் ரிச்சர்ட்சனின் குழு, 2010-களின் தொடக்கத்தில் இதற்கு எளிய மாற்று ஒன்றை வெளியிட்டது. மேல்தாடை முழுவதையும் நகர்த்தாமல் முன்பகுதியை மட்டும் பிரித்து, வழக்கமாக அண்ணத்தை விரிக்கப் பயன்படும் திருகுக் கருவியை முன்பின்னாகத் திருப்பிப் பற்களிலேயே பொருத்தி, முன்பகுதியைத் தள்ளும் முறை அது. நங்கூரம் கடைவாய்ப் பற்கள். தாடையின் பின்பகுதியும் மென்அண்ணமும் இருந்த இடத்திலேயே இருப்பதால் பேச்சு மேலும் கெடும் அபாயம் குறைவு. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். எலும்புத் திருகுகளின் காலத்தில் மீண்டும் பல்லையே பிடிமானமாகக் கொண்ட இந்த முறை பின்னோக்கிய அடி போலத் தோன்றலாம். நோயாளியின் கைப்பொருளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

சென்னையில் 1953-இல் அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அண்டை மாநிலத்தின் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959 முதல் ஹிர்ஜி அடென்வாலா பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அறுவை செய்தார். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஸ்மைல் ட்ரெயின் என்ற அறக்கட்டளை இந்திய மருத்துவமனைகளுக்குப் பணம் தந்து இலவச அறுவைக்கு வழிசெய்து வருகிறது. இவற்றால் தைக்காத உதட்டோடு பள்ளிக்கு வரும் பிள்ளையை இப்போது அரிதாகவே காண்கிறோம்.

ஆனால் தையலோடு சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பல பெற்றோர் நினைக்கிறார்கள். அறுவைக்கு ஒரு முறை போய்ச் சில நாள் தங்கினால் போதும். பல் சீரமைப்புக்கோ 4 முதல் 6 வாரங்களுக்கு ஒரு முறை, ஆண்டுக்கணக்கில் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவரின் கூலியும் பேருந்துக் காசும் போகும். திருகும் தகடும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ரப்பர் வளையத்தை மாற்றிப் பார்க்க ஆள் வராவிட்டால் அவை வெறும் உலோகம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், கனடாவின் ட்ரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்போடு சேர்ந்து திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்துப் பேச்சுப் பயிற்சியை ஊருக்கே கொண்டுசென்றது, இந்தத் தொலைவைக் குறைத்த முயற்சி. பல் கம்பியை அப்படி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் தேடும் பிறவிக் குறைகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. சிறுவயதில் தைத்த பிள்ளை ஒன்று மூன்றாம், நான்காம் வகுப்பில் இருந்தால், எலும்பு ஒட்டுக்கு உரிய வயது அதுதான். அதைக் குழுவிடம் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். முன்வரிசைப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே மடங்கியிருப்பது வாயைத் திறக்கச் சொன்னாலே கண்ணுக்குத் தெரியும்.

திருவரங்குளம், புதுக்கோட்டை-ஆலங்குடி சாலையில் உள்ள ஒன்றியத் தலைநகர். இங்கிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அண்மைக்காலம் வரை சிதம்பரமோ சென்னையோதான். 2023-இல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. டவுன் பஸ்ஸில் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.